மச்சான்மார் கொண்டுவந்த மின்சாரம்

அபூதாஹிர் கேட்டது ஒரு ஜெனரேட்டர். வந்து இறங்கியது இரண்டு. வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவருக்குத் தலை சுற்றியது.

திருகோணமலை உட்துறைமுகப் பக்கம் இருக்கும் அவருடைய கூல்ரூமில், இறக்கக்கண்டி மீனவர்கள் நம்பிக் கொடுத்த அறக்குளாவும் பாரையும் கூரை முட்டக் கிடந்தன. பின்னேரம் கொழும்பு லொறி வரும்வரை குளிர் போகக்கூடாது. போனால் மீன் நாறும், மீனோடு சேர்ந்து அவருடைய பெயரும் நாறும். இந்த நேரம் பார்த்துத்தான், லைன் வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் வெட்டு என்று முதல்நாள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். அவருடைய சொந்த ஜெனரேட்டரோ போன கிழமையே படுத்துவிட்டது.

மூதூரில் கல்யாண மண்டபம் நடத்தும் மனைவியின் தம்பி நஸ்ரியிடம் ஜெனரேட்டர் கேட்டார். அவன் உடனே ஓமென்றான். அந்தக் கதை தோப்பூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஸாஜிதின் காதுக்குப் போனது. ஸாஜித், மனைவியின் தங்கையைக் கட்டியவர். ஒருவரும் கேட்காமலே தன் ஜெனரேட்டரை லொறியில் ஏற்றிக்கொண்டு, நஸ்ரிக்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டார்.

"ஒண்டே காணும், ரெண்டு தேவையில்ல, நானா" என்றான், அபூதாஹிரை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடும் எலெக்ட்ரீஷியன் இராகுலன். "மற்றதை ஸ்பெயாரா வைப்பம்."

"நல்லம். மச்சான்ட மெஷின ஸ்பெயாரா வையுங்கோ" என்றான் நஸ்ரி.

"கேட்காமலே கொண்டுவந்தவன்ட மெஷின் மூலையில நிக்கிறதோ?" என்றார் ஸாஜித். "அப்ப நான் ஏத்திக்கொண்டு போறன்."

அபூதாஹிர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் போன் அடித்தது. மனைவி ஸுல்பிகா. கதை அதற்குள் வீட்டுக்கும் போய்விட்டது.

"எண்ட தம்பிட மெஷின் மூலையில நிண்டா நீங்க இந்த வீட்டுப் படி ஏறவேணாம். தங்கச்சிட மாப்பிளட மெஷின் நிண்டாலும் அதே கதைதான்."

வீடு ஸுல்பிகாவின் பெயரில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் கல்யாணத்தின்போது வீட்டைப் பெண்ணின் பெயரில்தான் எழுதுவார்கள். ஆகவே அது வெறும் மிரட்டல் இல்லை.

"ரெண்டையும் ஒண்டாக் கட்ட ஏலாதா, தம்பி?" என்று இராகுலனிடம் கெஞ்சினார்.

"ஏலும். ஆனா அது லேசான வேலை இல்ல, நானா. ரெண்டும் ஒரே வேகத்தில, ஒரே தாளத்தில ஓடவேணும்."

"குடும்பத்தில இல்லாதத மெஷினில கொண்டுவாங்கோ, அல்லாஹ்வுக்காக."

கரண்ட் வெட்டுகிற நேரத்தில் அந்தரப்பட்டு ஓடக்கூடாது என்று, சொன்ன நேரத்துக்கு முன்பே மெயின் சுவிட்சை இறக்கச் சொன்னான் இராகுலன். இறக்கினார்கள். கூல்ரூம் அமைதியானது. மறு நிமிடமே இரண்டு ஜெனரேட்டரும் உறுமத் தொடங்கி, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் போனது.

இரண்டுக்கும் நடுவில் மூன்று பல்புகளைத் தொங்கவிட்டான் இராகுலன். மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைய வேண்டும், அணைந்து நிற்கிற நேரம் பார்த்து இணைக்க வேண்டும் என்று விளக்கினான். பல்புகளோ ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து வட்டம் சுற்றின.

"வயர் மாறிப் போச்சு!" என்று கத்தினான்.

"அரிசி ஆலை மெஷின் அப்படித்தான் சுத்தும்" என்று நஸ்ரியும் கத்தினான்.

நிறுத்தி, வயரை மாற்றி, மறுபடி ஓடவிட்டு இணைத்தபோது நேரம் போயிருந்தது. அபூதாஹிர் கூல்ரூம் கதவைத் திறந்து பார்த்தார். மைனஸ் பதினெட்டில் இருந்தது மைனஸ் பதினொன்றில் நின்றது. திறந்து பார்த்ததால் பத்தானது. தன் கையையே அடிக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

வெளியே அதற்குள் புதுச் சண்டை. மீட்டரைப் பார்த்த ஸாஜித் துள்ளிக்கொண்டு நின்றார்.

"இஞ்ச பாருங்கோ! எண்ட மெஷின்தான் உழைக்குது. இவர்ர மெஷின் எண்ட கரண்ட்டக் குடிச்சுக்கொண்டு சும்மா சுத்துது!"

"ஆர் சும்மா சுத்துறது?" நஸ்ரி ஓடிப்போய்த் தன் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினான். இப்போது ஸாஜிதின் இயந்திரம் சும்மா சுற்றியது. ஸாஜித் தன்னுடையதைக் கூட்டினார். நஸ்ரி இன்னும் கூட்டினான். யாருக்கு யார் என்ன முறை, எரிவது யாருடைய டீசல் என்ற கணக்கெல்லாம் மறந்து, மனிதர்கள் இருவரும் இயந்திரங்களோடு சேர்ந்து உறுமினார்கள்.

"விடுங்கோ! கையை எடுங்கோ!" இராகுலன் கத்தி முடிக்க முன்னம் சுவிட்ச் பட்டென்று விழுந்தது. ஒரு வயர் புகைந்தது. கொம்பிரசர் முனகி நின்றது.

மைனஸ் ஆறு.

அபூதாஹிருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டது.

"நஸ்ரி! நீ போய் மச்சான்ட மெஷினுக்குப் பக்கத்தில நில். ஸாஜித்! நீங்கள் நஸ்ரிட மெஷினுக்குப் போங்கோ. அடுத்தவன்ட சாமானுக்கு ஏதும் நடந்தா பக்கத்தில நிக்கிறவர்தான் பொறுப்பு!"

இருவரும் இடம் மாறினார்கள். மச்சானுடைய சாமானைக் கெடுத்தவன் என்ற பேச்சை இரண்டு பேராலும் தாங்க முடியாது. சற்று முன்னர் முறுக்கோ முறுக்கென்று முறுக்கிய கைகள், இப்போது வேகக் கம்பியைப் பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டன.

"கொஞ்சம் கூட்டுங்கோ" என்றான், புகைந்த வயரை மாற்றிவிட்டு வந்த இராகுலன்.

"கூட்டலாமோ, மச்சான்?" என்று கேட்டான் நஸ்ரி.

"உங்கட விருப்பம், மச்சான்" என்றார் ஸாஜித்.

பல்புகள் மூன்றும் மெல்ல எரிந்தன, மெல்ல அணைந்தன. மறுபடி அணைந்தபோது இராகுலன் சுவிட்சைத் தள்ளினான். இரண்டு இயந்திரங்களும் ஒரே குரலில் பாடின. கொம்பிரசர் எழும்பியது. மைனஸ் ஏழு. எட்டு. ஒன்பது. அபூதாஹிர் மச்சான்மார் இருவரையும் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தார். நஸ்ரியின் டீசல் கறை ஸாஜிதின் வெள்ளைச் சட்டையில் பட்டது, ஒருவரும் கோபிக்கவில்லை. மத்தியானமும் தாண்டியிருந்தது, இருந்தாலும் மீன் தப்பிவிட்டது. கரண்ட் இனி நாளைக்கு வந்தாலும் காரியமில்லை.

அப்போதுதான் மதில்மேல் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தெரிந்தது. லைன் வேலை செய்கிறவர் ஒருவர் மதிலில் ஏறி, உள்ளே குதித்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றார்.

அபூதாஹிர் பெருந்தன்மையோடு சிரித்தார். "வேலை முடிஞ்சுதோ, தம்பி? அவசரமில்ல, ஆறுதலாக் கரண்ட்டத் தாங்கோ. எங்களிட்ட இருக்கு."

வந்தவர் இரண்டு ஜெனரேட்டரையும் பார்த்தார். பிறகு, இறக்கிவிட்டிருந்த மெயின் சுவிட்சைப் பார்த்தார்.

"நானா, இந்தச் சத்தம் கேக்கிறதால உங்கட கரண்ட் எங்கட லைனுக்குள்ள ஏறி அடிக்குமோ எண்டு பயத்தில நாங்கள் கம்பியில கையே வைக்கேல்ல, காலமையிலிருந்து கேற்றைத் தட்டித் தட்டிக் கையும் நொந்துபோச்சு. இதுகளை நிப்பாட்டுங்கோ, இனித்தான் நாங்கள் கரண்ட் வெட்டப்போறம்!"