விசா கேட்கக் கூடாதவர்

குவைத்தின் ஃபர்வானியாவில் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றின் குடியிருப்போர் சங்கம், உலக நிலவரத்தை ஆழ்ந்து பரிசீலித்து, ஒரு நிலைப்பாடு எடுத்தது. அதற்கு முன் அது எடுத்திருந்த ஒரே நிலைப்பாடு, லிஃப்டில் மீன் கொண்டுபோகக் கூடாது என்பதுதான்.

தலைவர் விஜயபாஸ்கரின் மகன் அமெரிக்காவில் படிக்கிறான். "அங்கே ஒவ்வொரு நகரமும் நிலைப்பாடு எடுக்குது. விசா சட்டம் அரசாங்கத்தோடது, எங்க போலீஸ் அதைப் பார்க்காதுன்னு சொல்லிடுது. நம்ம கட்டடம்தான் நகரம், வாட்ச்மேன்தான் போலீஸ். அவர் யார்கிட்டயும் விசா கேட்கக் கூடாது!" என்று முழங்கினார்.

டீ கொடுத்துக்கொண்டிருந்த சேதுபதிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. படிக்கட்டு கூட்டி, படிக்கட்டுக்குக் கீழேயே படுப்பவர் அவர். விசாவுக்குப் பொறுப்பேற்றிருந்த முதலாளி, அதாவது கஃபீல், கம்பெனியை மூடிவிட்டுப் போனதில் விசா போய்விட்டது. புது கஃபீல் அடுத்த மாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை பிடிபடக் கூடாது. பிடிபட்டால் ரேகை வைத்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு இந்தப் பக்கம் தலைவைக்க முடியாது.

செயலாளர் அருணா எழுந்தார். "அப்போ கண்டவனும் உள்ளே வந்துடுவானே?"

உடனே திருத்தம் நிறைவேறியது: விசா இருப்பவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும், இல்லாதவர்களிடம் மட்டும் கேட்கக் கூடாது.

மறுநாள் வாட்ச்மேன் கௌஸ் முகம்மது சேதுபதியின் வழியை மறித்தார். "அண்ணே, நீங்க கேக்க வேண்டிய ஆளா, கேக்கக் கூடாத ஆளா?"

"பார்த்தா தெரியலையாடா?"

"கேட்டாத்தானே தெரியும்!"

இச்சிக்கலைத் தீர்க்கும் பொருட்டு சங்கம் பச்சை நிற பேட்ஜ் ஒன்றை அடித்து, முத்திரை குத்தி, சேதுபதியின் சட்டையில் மாட்டியது. 'இவரிடம் விசா கேட்கக் கூடாது.'

"இதுக்கு நெத்தியில பச்சை குத்தியிருக்கலாம்," என்றார் சேதுபதி.

வெள்ளிக்கிழமை விசா சோதனைக்குப் போலீஸ் வண்டி வந்தது. சேதுபதி துடைப்பத்தோடு வாசலில் மாட்டிக்கொண்டார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, முத்திரை தெரியும். பேட்ஜைப் பார்த்தார், யாரோ பெரிய இடத்து ஆள் என்று நினைத்து சலாம் வைத்துவிட்டு நகர்ந்தார். கைலியோடு குப்பை கொட்ட வந்த தலைவரிடம் பேட்ஜும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. "யல்லா" என்று வண்டியில் ஏற்றினார்கள். மனைவி அட்டையை எடுத்துக்கொண்டு ஓடிய பிறகுதான் விட்டார்கள்.

அன்று மாலையே அவசரக் கூட்டம். டாக்டர், என்ஜினீயர், ஆடிட்டர் எல்லோருக்கும் பேட்ஜ் வேண்டுமாம்.

"கொடுப்போம். ஆனா விசா இல்லாதவங்களுக்குச் சங்கம் பேட்ஜ் கொடுக்கிறது சட்ட விரோதம்," என்றார் தலைவர். "விசாவைக் காட்டுறவங்களுக்கு மட்டும்."

கௌஸ் முகம்மது தலையைச் சொறிந்தபடி படிக்கட்டுக்குக் கீழே வந்தார். "மன்னிச்சிடுங்கண்ணே. பேட்ஜைக் கழட்டிக் குடுங்க. தலைவருக்கு ஒண்ணு குறையுதாம்."

அடுத்த சோதனையில் அதிகாரிக்கு வேலையே இல்லை. கட்டடம் முழுக்கப் பச்சை; ஒரே ஒரு சட்டை மட்டும் வெறுமையாக இருந்தது. இவ்வளவு ஒத்துழைப்பு தந்த கட்டடத்தைத் தாம் பார்த்ததே இல்லை என்று தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. வண்டியின் ஜன்னலருகே வந்து, "கவலைப்படாதீங்க சேதுபதி! இன்னைக்கே கண்டனத் தீர்மானம் போடுறோம்!" என்றார்.

சேதுபதி கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் கும்பிட்டார்.

"வேண்டாம் சார், புண்ணியமாப் போகும். பக்கத்துக் கட்டடத்துல விசா இல்லாத நம்மாளுங்க ரெண்டு பேரு இன்னும் தப்பிச்சுக் கிடக்கிறாங்க."