எனக்குள் பெரட்டு எடுத்த மிஸ்ஸி

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் துரைக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பெரட்டு மிஸ்ஸிக்குப் பயப்படாத ஒரு ஜீவன் மஸ்கெலியாப் பக்கமே கிடையாது. அவர் தோட்டத்து மருத்துவிச்சி. காலையில் கங்காணி ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்துக்கே வந்து, முப்பத்தைந்து வயதான பெண்களைக் கர்ப்பப்பைச் சோதனைக்குக் கிளினிக்குக்கு வரச்சொல்லி உரக்கக் கூப்பிடுவார். முப்பத்தொன்று என்று நான் காத்துவந்த வயது அப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கே அதிர்ச்சி.

என் சோதனை முடிவு வந்த அன்று, நான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த மலைக்கே மிஸ்ஸி ஏறிவந்து மெல்லிய குரலில் பேசினார். அவருக்கு மெல்லிய குரல் உண்டு என்பதே முதல் அதிர்ச்சி. கர்ப்பப்பை வாசலில் ஒரு வைரஸ் இருக்கிறதாம். வருடக்கணக்கில் தங்கினால் புற்றுநோயாக்கக்கூடியதாம். கூடையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாலைக்குள் கொத்மலையிலிருந்து அக்கா அழுதபடி வந்து இறங்கினாள். எனக்குப் பிறகு எது யாருக்கு என்று என் சேலைகளைக்கூடப் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

விஷயம் கேள்விப்பட்டு மிஸ்ஸி எங்கள் லயத்து வீட்டுக்கே வந்துவிட்டார். யார் செத்தது என்று அக்காவை ஒரு அதட்டு அதட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒடம்புக்குள்ளயும் தெனம் பெரட்டு நடக்குதும்மா. ஒவ்வொரு செல்லும் உள்ள யாரு இருக்கான்னு வாசல்ல காட்டணும். திருட்டு ஆளு இருந்தா, எதிர்ப்புச் செல்லுங்க வந்து அந்த வீட்டையே ஒழிச்சிரும். இந்த வைரஸு சத்தம் போடாம பதுங்குறவன். ஆனாலும் அநேகமா ஒண்ணு ரெண்டு வருசத்துல புடிச்சிருவாங்க. அவங்க விட்டுட்டா நாம புடிக்கணும். அதுக்குத்தான் மறுபடி சோதனை."

எனக்குப் பாதிதான் புரிந்தது. மறுநாள் விடியலிலிருந்து அடிவயிற்றில் கைவைத்து, எல்லாரும் வேலைக்கு வந்தாச்சா என்று கேட்க ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் கங்காணிக் குரலில் வந்தாச்சு என்பார். மிஸ்ஸி தலையில் அடித்துக்கொண்டார்.

"அதுகளுக்குக் காது கெடையாதும்மா. நீ சோதனைக்கு மட்டும் வா."

அடுத்த வருடச் சோதனையில் வைரஸ் போயிருந்தது. மிஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஊருக்காக இப்படித் தொண்டை கிழியக் கத்துகிறீர்களே, எதற்கு என்று கேட்டேன்.

"எனக்குள்ள பெரட்டு எடுத்தவங்க கோட்டை விட்டுட்டாங்க. ஊரையெல்லாம் கூப்பிட்ட நான், என் சோதனைக்குப் போகவே இல்ல. கடைசி நேரத்துல ஆபரேஷன் பண்ணித் தப்பிச்சேன்."

எனக்கு வந்த வைரஸ்கூட என்னை அப்படி உலுக்கவில்லை.

இப்போது அவர் மாற்றலாகிப் பூண்டுலோயாவில் கத்திக்கொண்டிருக்கிறார். நான் என் விடியற்காலைப் பெரட்டை இன்னும் நிறுத்தவில்லை. முதல் பெயராக மிஸ்ஸியைக் கூப்பிட்டு, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கூப்பிடுகிறேன்.