தொப்பி போட்டால் அட்மின்

ரோஷ்னி, அவினேஷ், அப்பா சொல்வதைக் கேளுங்கள். தனக்குத் தானே மனு எழுதிப் போட்டு, அதைத் தானே படித்து, 'காரணம் போதாது' என்று தானே தள்ளிவிட்டு, பிறகு ஒரு வாரம் தன் மேலேயே கோபமாக இருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் பிஜியில் பிறந்தார். அவரோடு ஒரே கம்பெனியில் நான் வேலை பார்த்தேன்.

எல்லோரும் அவரைப் பாஸ்வேர்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். நமாகாவில், விமான நிலையத்துக்குப் போகும் ரோட்டை ஒட்டி, எட்டு லாரி வைத்திருந்த கம்பெனி அது. லவுடோகா துறைமுகத்தில் இறங்கும் சாமானை நாந்திப் பக்கத்து ஹோட்டல்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். நான் டிரைவர். அண்ணன் லாரி அனுப்பும் கிளார்க். எந்த லாரி, எந்த ஹோட்டல், எத்தனை மணி என்று பெரிய நோட்டில் எழுதிவிட்டுச் சன்னல் வழியாகக் கத்துவார். அதுவரைக்கும் அவர் சாதாரண மனிதர்தான்.

பிறகு முதலாளி ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு சாப்ட்வேர் வாங்கினார். லாரி போவது, வருவது எல்லாம் இனி கம்ப்யூட்டரில். அதில் ஐந்து பேருடைய பெயர் போடலாம். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ரோல். இவர் பார்க்கலாம், இவர் மாற்றலாம், இவர் சம்மதம் கொடுக்கலாம் என்று. யாருக்கு என்ன என்பதைத் தீர்மானிக்கிறவர் அட்மின். விற்க வந்தவர் இரண்டு நாள் பாடம் நடத்திவிட்டு, "உங்களில் யார் அட்மின்?" என்று கேட்டார். முதலாளி அண்ணனைக் கை காட்டினார். அந்தக் கையை நினைத்துப் பிற்பாடு அவர் பல நாள் நொந்துகொண்டார்.

அண்ணனே கிளார்க், அண்ணனே அட்மின். இரண்டையும் கலக்கக் கூடாது என்று விற்க வந்தவர் சும்மா ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் அன்று சாயங்காலமே கடைக்குப் போய் நீலத் தொப்பி ஒன்று வாங்கிவந்தார். தொப்பி போட்டால் அட்மின். கழற்றினால் கிளார்க்.

ஒரு நாள் காலையில் நான் ஓடிப்போய், "அண்ணே, மூணாம் நம்பர் லாரி டயர் போச்சு. ஆறாம் நம்பரை எடுத்துட்டுப் போறேன். சிஸ்டத்தில மாத்திடுங்க" என்றேன்.

"என்னால முடியாதுப்பா. நான் கிளார்க்கு. அட்மினுதான் மாத்தணும்."

"அட்மின் எங்க?"

"பத்து மணிக்கு வருவாரு."

நாற்பது நிமிடம் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். பத்து அடித்ததும் அலமாரியைத் திறந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, என்னை அப்போதுதான் பார்க்கிற மாதிரி, "வாப்பா, ரொம்ப நேரமா காத்திருக்கியா?" என்றார்.

அந்த மனு விஷயமும் இப்படித்தான் நடந்தது. கிளார்க் அண்ணன் ஏதோ திருத்த வேண்டும் என்று தாளில் எழுதித் தட்டில் வைத்தார். தொப்பியைப் போட்டார். படித்தார். உதட்டைப் பிதுக்கினார். சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். தொப்பியைக் கழற்றினார். தாளைப் பார்த்து முகம் வாடிப்போனார்.

"ரொம்ப கறாரான ஆளுப்பா," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இருவது வருஷமா இங்க குப்பை கொட்டுறேன், எனக்கே இப்படி."

ஆபீசில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தமிழ் தெரியும். மற்றவர்களோடு ஹிந்திதான். அதனால் ரகசியம் எல்லாம் அண்ணன் தமிழில்தான் பேசுவார். "இந்த பாஷைக்கு இங்க ரெண்டு யூசர்தான்" என்பார்.

டிரைவர்களுக்கு இந்த ரோல் என்பது புரியவே இல்லை. வேலை முடிந்ததும் நாங்கள் லாரி நிற்கும் இடத்தில் வட்டமாக உட்கார்ந்து கிராக் குடிப்போம். கிராக் என்றால் யங்கோனா வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்தது, உங்களுக்குத் தெரியும். ஒருவன் குடித்தால் சுற்றி இருப்பவர்கள் கை தட்டவேண்டும். அதை வைத்தே அண்ணன் பாடம் எடுத்தார்.

"கலக்குறவன் அட்மின். கோப்பையை எடுத்துட்டுப் போறவன் கிளார்க்கு. குடிக்கிறவன் டிரைவர். சும்மா கை தட்டுறவன் வியூவர். புரிஞ்சுதா?"

எப்போதும் கலக்குகிறவன் ஜோனே. நல்ல ஆகிருதியான டிரைவர், காய்வீதி, அதாவது பிஜி மண்ணின் பூர்வகுடிக்காரன். அவனுடைய அப்பாவும் கலக்கினவர், தாத்தாவும் கலக்கினவர். அவனை அண்ணன் வியூவராகப் போட்டுவிட்டார். பாவம், மூன்று சுற்று வரைக்கும் அவன் கை மட்டும் தட்டினான். நாலாவது சுற்றில் எழுந்துபோய் லாரி கழுவுகிற பக்கெட்டை நன்றாக அலசி எடுத்துவந்து, தனியாகக் கலக்க ஆரம்பித்தான்.

"ஜோனே, என்ன இது? உனக்கு அனுமதி இல்லியே?"

"இது வேற சிஸ்டம், பாஸ்" என்றான் ஜோனே. ஐந்து நிமிடத்தில் எல்லா யூசரும் அந்தப் பக்கம் போய்விட்டோம்.

கோயில் திருவிழாவையும் அவர் விடவில்லை. சாம்பார் வாளி பிடித்தவன் பாயசக் கரண்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. பந்தி நடுவில் பாயச அண்டா சாய்ந்து ஒழுக ஆரம்பித்தது. அதைத் தொட அனுமதி உள்ளவர் வேட்டி மாற்றப் போயிருந்தார். நாங்கள் ஏழு பேர் கையில் வாளியோடு நின்று, பாயசம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் நாலாவது தடவையாக நாட்டில் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். ரோட்டில் எல்லாம் சோதனைச் சாவடி. ஒரு நாள் லவுடோகாவிலிருந்து வரும்போது என் லாரியில் அண்ணனும் இருந்தார். துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் கை காட்டி நிறுத்தினான். "பின்னால் என்ன? திற."

நான் இறங்கப் போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு பையிலிருந்து தொப்பியை எடுத்து மாட்டினார்.

"உங்களுக்குப் பார்க்குற அனுமதி இருக்கு," என்றார் ஹிந்தியில். "தொடுற அனுமதி இருக்கான்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு மேல யாரு?"

சிப்பாய் அந்தத் தொப்பியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். நான் உங்கள் இருவர் முகத்தையும் நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு மேலே சார்ஜண்ட்," என்றான்.

"அவரு தொடலாமா?"

"அவர் தொடலாம். நான் தொட்டால் திட்டுவார்." அவன் குரல் இறங்கிவிட்டது. "நேற்று ஒரு வேனைத் திறந்ததற்கு எல்லோர் முன்னாலும் திட்டினார்."

"எழுதிக் குடுத்திருக்காங்களா, இன்னது தொடலாம், இன்னது தொடக்கூடாதுன்னு?"

"ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை."

"அதான் தப்பு," என்றார் அண்ணன், மனம் நொந்து. அதற்குப் பிறகு கால் மணி நேரம் இருவரும் மேலதிகாரிகளைப் பற்றிப் பேசினார்கள். எங்களுக்குப் பின்னால் பதினைந்து வண்டி நின்றது. கடைசியில் அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் திறந்து காட்டிய கதவு வழியாக எட்டிப் பார்த்தான். உள்ளே ஹோட்டலுக்கான டாய்லெட் பேப்பர். "பார்த்துவிட்டேன்," என்றான். அண்ணன் "வினாகா" என்று நன்றி சொல்லித் தொப்பியைக் கழற்றினார்.

அந்த வருடம் வாரத்துக்கு ஒருவராக ஊரைவிட்டுப் போனார்கள். எங்கள் மேனேஜர் ஆக்லாந்துக்குப் போனார். ஆனால் அண்ணன் சிஸ்டத்திலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை. பெயரை மூடுவதற்குப் போகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும் என்று அண்ணனே ஒரு சட்டம் வைத்திருந்தார். மேனேஜர் அவசரத்தில் போடாமல் போய்விட்டார். அதனால் பெரிய லோடு எதுவானாலும் ஆக்லாந்திலிருந்து சம்மதம் வரவேண்டும். ஒரு லாரி நிறைய உறைந்த கோழி, வெயிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் போன் போடுகிறார்.

"சார், நூத்தறுபது பெட்டி கோழி. அனுப்பலாமா?"

"அண்ணே, நான் இங்க சூப்பர் மார்க்கெட்ல தள்ளுவண்டி அடுக்குறேன். என்னை ஏன் கேக்கிறீங்க?" மேனேஜர் ஹிந்திக்காரர். நான் தமிழில் சொல்கிறேன்.

"அங்க நீங்க என்னவோ இருங்க. எங்க சிஸ்டத்தில நீங்க இன்னும் மேனேஜர்தான்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய மேனேஜர் குரலில், "அனுப்புங்க. பனிக்கட்டி சரியா இருக்கான்னு பாத்து அனுப்புங்க" என்றார். அதற்கப்புறம் அவரே தினமும் போன் செய்ய ஆரம்பித்தார். "இன்னிக்கு லோடு ஒண்ணும் இல்லியா?" என்று ஏக்கமாகக் கேட்பார்.

வெளிநாட்டு ஆட்கள் வருவது நின்று, ஹோட்டல்கள் காலியாயின. முதலாளி சிக்கனம் பார்த்து, சாப்ட்வேரில் இரண்டு பெயர் போதும் என்று குறைத்துவிட்டார். மேனேஜருடைய தாள் ஆக்லாந்து போய்க் கையெழுத்தாகி வந்தது. மிச்சம் முதலாளி ஒன்று, அண்ணன் ஒன்று. ஆபீசில் ஆள் இல்லாமல் கணக்கு வேலையும் அண்ணன் தலையில் விழுந்ததால், என்னை லாரியிலிருந்து இறக்கி உட்காரவைத்தார்கள். எந்த லாரி எங்கே போவது என்பதை இரண்டு வருடம் நான்தான் தீர்மானித்தேன். நான் வாயால் சொல்வேன், அண்ணன் தட்டுவார்.

அப்போதுதான் நம் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, சொந்தக்காரர்கள் நிலத்தைத் திரும்பக் கேட்டார்கள். ரோஷ்னி, நீ மூன்றாம் வகுப்பு. உங்கள் அம்மா ஒவ்வொரு நாளும், "நாம எப்ப போறோம்?" என்று கேட்டாள். பிரிஸ்பேனுக்குக் குடிபோக மனுப் போட்டோம். டிரைவர் வேலைக்கு அவர்கள் கொடுக்கும் பாயிண்ட் விசாவுக்குப் போதாது. லாரி அனுப்புகிறவராக ஒரு வருடமாவது வேலை பார்த்திருந்தால் போதும். ஆனால் சிஸ்டத்திலிருந்து என் பெயரும் ரோலும் தேதியும் அச்சாகி வரவேண்டும் என்றார்கள். சிஸ்டத்தில் நான் என்று ஒருவனே இல்லை.

"அண்ணே, ரெண்டு வருஷமா லாரி அனுப்புறது யாரு?"

"நீதான்."

"அப்ப ரெண்டு வருஷம் முந்தின தேதி போட்டு என் பேரைச் சேத்துடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"போன தேதிக்கு நான் எப்படிப்பா கதவு தொறக்கிறது? போன தேதியில நீ வெளியில நின்னே."

"சரி, இன்னிலேர்ந்து போடுங்க. ஒரு வருஷம் காத்திருக்கேன்."

"ரெண்டு பேருக்குத்தான் எடம். முதலாளி. நான்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சொல்லக்கூடாததைச் சொன்னேன். "நீங்க செத்தாத்தான் எடம் வருமா?"

அண்ணன் உண்மையாகவே யோசித்தார். "செத்தாலும் கையெழுத்து வேணுமேப்பா," என்றார்.

ஒன்பது நாள் நான் அவரோடு பேசவில்லை. எந்த லாரி எங்கே என்பதைச் சீட்டில் எழுதி நீட்டினேன். பத்தாவது நாள் காலையில் போனபோது, அண்ணன் டிரைவர்கள் உட்காரும் மரப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காரு," என்றார். "பாஸ்வேர்ட் கேக்கும். தட்டு. நான் பார்க்கல." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரையில் முதலாளியின் பெயருக்குக் கீழே என் பெயர் இருந்தது. அண்ணனுடைய பெயர் இல்லை.

"அண்ணே, என்ன பண்ணிட்டீங்க?"

"லாரி நிக்குது பாரு. அனுப்பு முதல்ல."

முதலாளி வந்து குதித்தார். "பைத்தியமா உங்களுக்கு? நாளைக்கு ஏதாவது மாத்தணும்னா யாரு மாத்துவா?" அண்ணன் எழுந்து நின்று மரியாதையாக, "எனக்குத் தெரியாது சார், நான் வெளியாளு" என்றார்.

அந்த ஒரு வருடம் அவர் தாள் எடுத்துக் கொடுத்தார், லாரி எண்ணினார், ஜோனேயோடு சேர்ந்து டயர் உருட்டினார். "சிங்கடோகா போன வண்டி திரும்பிடுச்சா?" என்று கேட்பார். நான் திரையை அவர் பக்கம் திருப்புவேன். உடனே கண்ணை மூடிக்கொள்வார். "திருப்பாதப்பா, எனக்கு அனுமதி இல்ல. வாயால சொல்லு."

வருடம் முடிந்தது. தாள் அச்சாகி வந்தது. விசாவும் வந்தது. கடைசி நாள் சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "அண்ணே, நான் போனப்புறம் முதலாளிக்கு ஒண்ணும் தெரியாது. என் பாஸ்வேர்டைச் சொல்றேன், வெச்சுக்கோங்க."

இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டார். "சொல்லாதே! வேற என்ன வேணும்னாலும் சொல்லு, அதைச் சொல்லாதே!" அப்படியே ரோட்டுக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். காதிலிருந்து விரலை எடுத்துக் கை காட்டாததால் முதல் பஸ் நிற்காமல் போய்விட்டது. இரண்டாவது பஸ்ஸை நான்தான் நிறுத்தினேன். முழங்கையாலேயே கம்பியைப் பிடித்து ஏறினார்.

நான் ஆபீசுக்குத் திரும்பி வந்தேன். யாரும் இல்லை. ஆள் பெயரைப் பாஸ்வேர்டாக வைப்பவன் மடையன் என்பது அண்ணனுடைய முதல் சட்டம். அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு காலையும் நான் தட்டியது அவருடைய முழுப் பெயரைத்தான். அப்பா பெயரோடு சேர்த்து. ஒரு தாளை எடுத்து அந்தப் பெயரை மட்டும் எழுதினேன். பார்த்தால், யாரோ தன் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்; கம்ப்யூட்டர் பாஸ்வேர்ட் கேட்கும் நாளில் புரிந்துகொள்வார். மடித்து, அவர் மேசை இழுப்பறையில் வைத்து மூடினேன். விளக்கை அணைத்துவிட்டு வந்தேன்.