மொட்டைமாடியில் ஒரு மின்வாரியம்

அந்தக் கோடையில் ஆரணியே மின்வாரியத்தைத் திட்டித் தீர்த்தது. பாலமுருகன் மட்டும் திட்டவில்லை. தானே ஒரு மின்வாரியம் ஆகிவிடுவது என்று முடிவு செய்தான்.

காரணம் யானை. பாலமுருகன் பட்டுச்சேலைகளுக்கு லேப்டாப்பில் டிசைன் போடுகிறவன். பார்டரில் யானைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு வருவான். தும்பிக்கை வைப்பதற்குள் கரண்ட் போய்விடும். லேப்டாப் பேட்டரிக்கோ வயதாகிவிட்டது. சற்று நேரம் முனகிவிட்டு அதுவும் கண்ணை மூடிக்கொள்ளும். தறிக்காரர்கள் வாசலில் நின்று தும்பிக்கை கேட்டுவிட்டுப் போனார்கள்.

சென்னைக்குப் போய் ஒரு சோலார் பேனல் வாங்கி வந்தான். நாலு பரீட்சை அட்டையைச் சேர்த்து வைத்த அளவு. “சார், இது ஒரு பல்பு எரிக்கத்தான் ஆகும். லேப்டாப்புன்னா பெருசா வாங்குங்க, நடுவுல ஒரு பேட்டரியும் வெச்சிக்குங்க” என்று கடைக்காரர் எவ்வளவோ சொன்னார். இவர்கள் வியாபாரம் நமக்குத் தெரியாதா என்று பாலமுருகன் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான்.

“இன்னாங்க இது, கண்ணாடியா?” என்றாள் மனைவி சுபலட்சுமி.

“கரண்ட்டு. சூரியன்லேர்ந்து டைரக்டா லேப்டாப்புக்கு. நடுவுல ஒருத்தன் கெடயாது.”

“இத்தினியூண்டுல ஏறுமா?”

“ஏறலைன்னா மீசைய எடுத்துடறேன்.”

“அத வெச்சிகினு நான் இன்னா பண்றது?”

நியாயமான கேள்வி. அவளுக்கு வேண்டியது மீசை அல்ல, தேசூர். தேசூரில் அவள் தம்பி தமிழ்வாணன் புது வீடு கட்டி, வெள்ளிக்கிழமை கிரகப்பிரவேசம் வைத்திருந்தான். ஆனால் பாலமுருகன் அந்த ஊர்ப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. தமிழ்வாணனின் கல்யாண வீடியோ மூன்று மணி நேரம் ஓடியது. அதில் மூத்த மாப்பிள்ளையான பாலமுருகன் வந்தது ஒரே இடத்தில், பந்தி முடிந்து கை கழுவும்போது. அதுவும் முதுகு. அன்றைக்குப் போட்ட சபதம், மூன்று வருடமாகத் தானும் போகவில்லை, மனைவியையும் விடவில்லை. அம்மா வீட்டை நினைத்து அவள் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவனுக்குத் தெரியும். வெங்காயம் என்று வைத்துக்கொண்டான்.

மறுநாள் உச்சி வெயிலில் பேனலை மாடியில் சாய்த்து வைத்தான். பழைய சார்ஜர் ஒயரை வெட்டி அதோடு முடிச்சுப் போட்டான். லேப்டாப்பை ஓர் அட்டைப்பெட்டி நிழலில் வைத்துச் சொருகினான். சின்ன விளக்கு எரிந்தது!

“பாத்தியா? எரியுது பாரு!”

“எரியுதுங்க. எத்தினி ஏறியிருக்குது?”

“தொறந்து தொறந்து பாக்கக்கூடாது. மூடி வெச்சாத்தான் ஜல்தியா ஏறும்.”

இந்த விஞ்ஞானத்தை அருளிவிட்டுக் கீழே வந்தான். சாப்பிட்டான். படுத்தான். தெருக்கோடி வரை கேட்கும்படி குறட்டை விட்டான். எழுந்து காபி குடித்துவிட்டு மாடிக்குப் போய்த் திறந்தால், நூற்றுக்கு நூறு.

மறுநாளும் நூறு. அதற்கு மறுநாளும் நூறு. யானைகளுக்கு மளமளவென்று தும்பிக்கை முளைத்தது. பாலமுருகன் நடையே மாறிவிட்டது. பக்கத்து வீட்டு ராஜம்மாளைச் சுபலட்சுமியே மாடிக்குக் கூட்டி வந்து காட்டினாள்.

“சூரியனையே ஒயர்ல கட்டி இழுத்தாந்துட்டாரேம்மா உங்க ஊட்டுக்காரரு!” என்று ராஜம்மாள் வாயைப் பிளந்தாள்.

பாலமுருகனுக்குத் தரையில் கால் பாவவில்லை. “சுபா, கேளு. இன்னா வேணும்? இன்னிக்கி எது கேட்டாலும் செய்வேன்.”

“வேணாங்க. அப்பறம் பேச்சு மாறுவீங்க.”

“யாரு, நானா? ராஜம்மாக்கா சாட்சி. கேளு!”

“வெள்ளிக்கிழம தேசூருக்கு வரணும்.”

பாலமுருகன் மாடிப்படியைப் பார்த்தான். ராஜம்மாள் வேறு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாட்சி வைத்தவன் எங்கே தப்புவது? “காலைல போவோம். சாயங்காலம் திரும்பிடணும். ஒரு ராத்திரி தங்கமாட்டேன்” என்று மட்டும் கறாராகச் சொன்னான்.

யோசித்துப் பார்த்ததில் அதுவும் நல்லதாகவே பட்டது. பேனலைக் கொண்டுபோய்த் தமிழ்வாணன் மாடியில் வைத்துவிட்டால், இந்த முறை வீடியோ முழுக்க நம் முகம்தான்.

அப்படியே நடந்தது. ஹோமம் முடிந்ததும் சனம் மொத்தமும் புது மாடிக்கு ஏறியது. வீடியோக்காரர் பாலமுருகனையே சுற்றிச் சுற்றி வந்தார். அவனும் சூரியனைச் சுட்டிக் காட்டினான், பேனலைத் தட்டிக் காட்டினான், மீசையைத் தடவிக் காட்டினான். விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள்.

இத்தோடு மூடி வைத்திருக்கலாம். தமிழ்வாணன் ஆர்வக்கோளாறில் லேப்டாப்பைத் திறந்து, துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு பார்த்தான்.

“மாமா, முப்பது காட்டுது.”

“ஏறும், இரு.”

“இருபத்தெட்டு.”

“ஏறும்டா.”

“மாமா, எறங்கிகினு இருக்குது மாமா!”

சனம் கசமுசாவென்று பேச ஆரம்பித்தது. பாலமுருகன் ஒயரைத் திருகினான், பேனலைத் துடைத்தான், சூரியனை முறைத்தான். இருபத்தைந்து. வீடியோக்காரர் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார். வியர்த்து வழிந்தவனைச் சுபலட்சுமி தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஓரமாக இழுத்தாள்.

“இங்க ஏறாதுங்க.”

“அங்க ஏறிச்சேடி!”

“அங்க நீங்க குறட்ட விடுவீங்க. கரண்ட்டு வந்ததும் நான் அத்த எடுத்தாந்து கீழ பிளக்ல சொருகுவேன். நெறைஞ்சதும் மாடில வெச்சிட்டு வந்து உங்களுக்கு காபி போடுவேன்.”

பாலமுருகனுக்கு மாடியே சுற்றியது. “ஏண்டி இப்பிடிப் பண்ணே?”

“நீங்க தோத்திருந்தா வெயிலு சரியில்ல, ஒயரு சரியில்லன்னு பேஜார் பண்ணிகினு மாடியிலயே உக்காந்திருப்பீங்க. தோத்த மனுசங்கிட்ட இன்னாத்த கேக்க முடியும்? ஜெயிச்சாதான் நீங்க வள்ளலு.” கூட்டத்தில் நின்ற அம்மாவை அவள் திரும்பிப் பார்த்தாள். “அம்மா மூஞ்சியப் பாத்து மூணு வருசம் ஆச்சுங்க.”

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கேமரா நெருங்கிக்கொண்டிருந்தது. வருத்தப்பட இப்போது நேரமில்லை. முதலில் மானத்தைக் காப்பாற்ற வேண்டும். சட்டென்று மூளை வேலை செய்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சபையைப் பார்த்துத் திரும்பினான்.

“ஒண்ணுமில்ல. தேசூர் வெயிலு வேற, ஆரணி வெயிலு வேற. இந்த ஊர் வெயிலுக்கு இத்த பழக்கணும். ஒரு வாரம் ஆவும். இருந்து ஏத்திக் காட்டிட்டுத்தான் போவேன்!”

“ஒரு வாரமா?” சுபலட்சுமி பதறிப்போனாள். “வீட்ட போட்டுட்டு எப்படிங்க?”

“நீ சும்மா இரு. நான் சொன்னா சொன்னதுதான்.”

மாமியாருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. தமிழ்வாணன் மாமாவைக் கட்டிக்கொண்டான். தப்பித்தோம் என்று மூச்சு விட்ட பிறகுதான் பாலமுருகனுக்கு ஒன்று உறைத்தது. மனைவியின் காதருகே குனிந்து, “ஏய், கட்டின வேட்டியோட வந்துட்டேனே, மாத்துத் துணிக்கு எங்க போறது?” என்றான்.

“கவலப்படாதீங்க. ஏழு பனியனும் ஷேவிங் செட்டும் நேத்தே பையில வெச்சிட்டேன்” என்றாள் சுபலட்சுமி.