இடைவெளி இல்லாத கோடு

சரியாக நாற்பத்தேழு மணி நேர ஆலோசனைக்குப் பிறகு, மனித குலம் இனி எண்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்ற நிலை ஹைதராபாத்தில், மாதாப்பூரில், ஒரு ஆறாவது மாடியில் ஏற்பட்டது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவர்களுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகியிருக்காது. ஆனால் பாவம், அவர்களிடம் 'பயனர் விருப்ப மதிப்பீட்டுக் குழு' என்று ஒன்று இருந்ததில்லை.

குழுவின் பொறுப்பு பெரியது. 'பட்டிகா' என்னும் விரிதாள் மென்பொருளின் பன்னிரண்டாம் பதிப்பில், வரைபடங்களுக்கு என்னென்ன புது வசதிகள் வேண்டும் என்று பயனர்களையே கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதிலிருந்து, நிறுவனம் ஏற்கெனவே செய்ய நினைத்திருப்பதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். இதற்கு ஞானம் வேண்டும். அந்த ஊர் வழக்கப்படி எல்லோரும் மரியாதையாக 'காரு' சேர்த்து அழைக்கும் குழுத் தலைவர் சக்ரபாணி காருவிடம் அது தேவைக்கு மேல் இருந்தது.

லஹரி அந்தக் குழுவின் கடைசி நாற்காலி. புள்ளியியல் படித்தவள். வந்து குவிந்த கோரிக்கைகளைப் படிப்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் அவள் வேலை. குழுவில் கோரிக்கைகளைப் படித்தவள் அவள் ஒருத்திதான். இதனால் விவாதத்துக்கு எந்த இடையூறும் வரவில்லை. லஹரி பேச வேண்டும் என்று நினைத்து, வாக்கியத்தை மனதுக்குள் அமைத்து, அதில் மரியாதை போதுமா என்று சரிபார்ப்பதற்குள் கூட்டம் அடுத்த பொருளுக்குப் போயிருக்கும்.

கூட்டம் வேகமாகப் போவதற்கு ஒரு அருமையான முறை இருந்தது. சக்ரபாணி காரு ஒரு முடிவைச் சொல்லிவிட்டு மனதுக்குள் மூன்று வரை எண்ணுவார். யாரும் பேசாவிட்டால் அது 'ஒருமனதான தீர்மானம்'. "எதிர்ப்பு: பூஜ்யம்" என்று லஹரி எழுதிக்கொள்வாள். பிடிக்காத தீர்மானங்களுக்கும் அவளே அப்படித்தான் எழுதினாள்.

"இன்டர் காலேஜ்காரங்க, அதான் ப்ளஸ் டூ நடத்தறவங்க, என்ன கேக்கறாங்க?" என்றார் சக்ரபாணி காரு.

வடிவமைப்பாளன் சாத்விக் திரையைப் பார்த்தான். "சார்ட்ல எல்லாப் பசங்களோட பட்டையும் முதல் ரேங்கைத் தொடணுமாம் சார்."

"நியாயம்தானே. ஐயாயிரமாவது ரேங்க் வாங்கின பையனுக்கும் அம்மா அப்பா இருக்காங்க. அடுத்தது?"

"வீட்டுமனைக் கம்பெனி. அம்புக்குறி மேல மட்டும்தான் போகணும்னு கேக்கறாங்க."

"விலை இறங்கினா?"

"இப்ப வரைக்கும் பேப்பரைத் தலைகீழாத் திருப்பிக் காட்டறாங்களாம் சார். கை வலிக்குதாம்."

"அய்யோ" என்றார் சக்ரபாணி காரு. உண்மையிலேயே வருந்தினார். "அதை நாமளே தானாத் திருப்பிக் குடுத்துடலாம். ஒரு மனுஷனோட கைவலியைத் தீர்க்காத சாஃப்ட்வேர் எதுக்கு?"

ஒரு சிமென்ட் நிறுவனம் தன் போட்டியாளரின் கோட்டை மெலிதாகவும், முடிந்தால் கண்ணுக்குத் தெரியாமலும் வரையக் கேட்டிருந்தது. அந்த நிறுவனத்தில் நாலாயிரம் பேர் காசு கொடுத்துப் பட்டிகா பயன்படுத்தினார்கள். ஆகவே அந்த ஒரு கோரிக்கை நாலாயிரம் கோரிக்கைகளாகக் கணக்கில் ஏறியது. இதற்கு 'விருப்ப எடை' என்று பெயர். ஜனநாயகத்தில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று வைத்துக்கொண்டு என்ன பாடுபடுகிறார்கள் என்பதைப் பார்த்த பிறகு நிறுவனம் எடுத்த முன்னெச்சரிக்கை அது.

கடைசியாக ஒரு கோரிக்கை மிஞ்சியது. அதை அனுப்பியவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். மழை அளப்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், கிராமத்து நர்ஸுகள். எல்லோரும் இலவசப் பதிப்புக்காரர்கள். எனவே அவர்கள் அத்தனை பேரின் விருப்ப எடையும் சேர்ந்து பூஜ்யம்.

"என்னம்மா லஹரி, அது என்ன?"

லஹரி படித்தாள். "செல் காலியா இருந்தா காலியாவே தெரியணும் சார். இப்ப நம்ம சார்ட் காலி செல்லைப் பூஜ்யம்னு எடுத்துக்குது. கோடு அங்க தரைக்குப் போயிடுது. அந்த இடத்துல கோடு அறுந்து இடைவெளி தெரிஞ்சாப் போதும்னு கேக்கறாங்க."

"கோட்டுல ஓட்டையா?" விற்பனைப் பிரிவின் ஹாரிகா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "கஸ்டமர் பாத்தா சாஃப்ட்வேர் ரிப்பேர்னு நினைப்பாங்க."

"இடைவெளிங்கறது கண்ணுக்கு ஒரு காயம் சார்" என்றான் சாத்விக்.

"பூஜ்யம்னாலே ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்? காலின்னாலும் ஒண்ணும் இல்லைன்னுதான் அர்த்தம். ரெண்டும் ஒண்ணும் இல்லைன்னா அப்புறம் என்ன பிரச்சினை?" என்று கேட்டார் சக்ரபாணி காரு.

லஹரிக்குப் பதில் தெரியும். முதல் வருடப் பாடம் அது. வாக்கியத்தை அமைக்கத் தொடங்கினாள். சக்ரபாணி காரு மூன்று எண்ணி முடித்துவிட்டார்.

இடைவெளிக்குப் பதிலாகப் பிறந்ததுதான் 'அமைதிக் கோடு'. கோடு பூஜ்யத்தை நோக்கி மெல்லச் சரிந்து இறங்கும். கீழே இளம்பச்சை பரவும். தரையைத் தொடும் இடத்தில் ஒரு சின்னச் சூரியகாந்திப் பூ பூக்கும். குற்றமோ, நோயோ, விபத்தோ, எது பூஜ்யமானாலும் பூ உண்டு. பூவுக்கு எத்தனை இதழ் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு ஏற்பட்டு, மிர்ச்சி பஜ்ஜி வரவழைக்கப்பட்டுத் தீர்ந்தது. தீர்ந்தது கருத்து வேறுபாடும்தான்.

எதிர்ப்பு: பூஜ்யம்.

*

வெளியீட்டு விழாவுக்கு முதல் நாள், தேநீர் இடைவேளையில், லஹரியின் அக்கா ஸ்வரூபா போன் செய்தாள். நீலம்பாடு மண்டலத்தில் அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் ஜுரக்காரர்களை எண்ணி, வாரம் ஒரு முறை மாவட்டத்துக்கு அனுப்புவாள்.

"சிட்டி, சாப்டியா?" அக்காவுக்கு லஹரி இன்னும் சிட்டிதான், குட்டிப் பெண்.

"சாப்டேன் அக்கா. குரல் ஏன் இப்படி இருக்கு?"

"குரலை விடு. நாளைக்கு எங்க தாமோதர் காரு உங்க ஆபீசுக்கு வர்றாராமே?"

தாமோதர் காரு மாவட்ட சுகாதார அதிகாரி. "ஆமாக்கா. உங்க மாவட்ட ஜுர சார்ட்டைத்தான் மேடையில காட்டப்போறாங்க" என்றாள் லஹரி.

"அந்த சார்ட்டுதான் எங்க தலையில கல்லைப் போடுது. நீலம்பாடு மூணு வாரமாப் பூஜ்யம்னு காட்டுதாம். திங்கக்கிழமை இங்க மருத்துவ முகாம் வரவேண்டியது. டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து, எல்லாம். இப்ப அதைத் தூக்கி வேற மண்டலத்துக்கு அனுப்பறேங்கறார். இங்க வீட்டுக்கு ரெண்டு பேர் படுத்துக் கிடக்காங்கடி."

"நீ அவர்கிட்ட சொல்லலியா?"

"ஆரம்பிச்சேன். 'உன் பேச்சைக் கேக்கவாம்மா, சார்ட்டைப் பாக்கவா'ன்னு கேட்டுட்டு வெச்சுட்டார். நான் அந்த மூணு வாரம் எண்ணவே இல்ல, காலியாத்தான் விட்டேன். உங்க சாமான் அதுவாப் பூஜ்யம் போட்டுக்கிச்சு."

ஏன் எண்ணவில்லை என்பதையும் அக்கா சொன்னாள். வரைபட வசதிகளுக்கும் அந்தக் காரணத்துக்கும் தொடர்பு இல்லாததால் அது குழுவின் குறிப்பில் இடம்பெறவில்லை.

"நீ ஒரு வார்த்தை சொல்லு சிட்டி. அவர் பக்கத்துலதானே உக்காந்திருப்பே."

"சொல்றேன் அக்கா."

"சொல்லுவியா? ஸ்கூல்ல டீச்சர் உன்னை லதான்னு கூப்பிட்டப்ப, ஒரு வருஷம் முழுக்க லதாவாவே இருந்தவதானே நீ."

லஹரி பதிலை மனதுக்குள் அமைக்கத் தொடங்கினாள். அது முடிவதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள்.

மாலையில் சக்ரபாணி காருவின் அறை வாசல் வரை போனாள். "என்னம்மா, பூ நல்லா வருதில்ல?" என்றார் அவர். "வருது சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். பூ நன்றாகத்தான் வந்திருந்தது.

*

விழா சிறப்பாக நடந்தது. தாமோதர் காருவுக்குச் சால்வை போர்த்தினார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு, அரசாங்கம் தொழில்நுட்பத்தோடு கைகோர்ப்பது பற்றிப் பேசினார். பின்னால் பிரியாணி வாசனை வந்ததும் சுருக்கிக்கொண்டார்.

விளக்குகள் மங்கின. சுவர் அளவுக்கு வரைபடம் விரிந்தது.

"நீலம்பாடு!" என்றார் சக்ரபாணி காரு. பந்தயக் குதிரையின் பெயரைச் சொல்வதுபோல இருந்தது. "ஜூலைல நாப்பது ஜுரம். அடுத்த வாரம் அறுபத்தஞ்சு. ஆகஸ்ட் முதல் வாரம் பாருங்க. பூஜ்யம். ரெண்டாவது வாரம், பூஜ்யம். மூணாவது வாரம்..."

"பூஜ்யம்!" என்றது கூட்டம்.

மூன்று சூரியகாந்திகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்தன. கைதட்டல் எழுந்தது. ஹாரிகாவின் கண் கலங்கியிருந்தது. சாத்விக் இதழ்களை எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

"அறுபத்தஞ்சுலேருந்து ஒரே வாரத்துல பூஜ்யம்" என்றார் தாமோதர் காரு. "உலகத்துல எங்கயும் நடந்திருக்காது." அதுவரையில் சரிதான். "இந்தக் கோடு இருக்கறப்ப நான் எதுக்கு நீலம்பாட்டுக்கு முகாம் அனுப்பணும்? இங்கயே, இந்த மேடையிலயே உத்தரவைப் போடறேன். முகாம் வேற மண்டலத்துக்குப் போகட்டும்." போட்டோகிராபர் முன்னால் வந்தார். தாமோதர் காரு பேனாவின் மூடியைத் திறந்து, போட்டோவுக்காக ஒரு கணம் அப்படியே நின்றார்.

"இல்ல சார்" என்றது ஒரு குரல்.

அது தன்னுடையது என்று தெரிந்துகொள்ள லஹரிக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வாக்கியத்தில் மரியாதை போதுமா என்று அவள் சரிபார்த்திருக்கவில்லை.

"என்ன இல்ல?" என்றார் தாமோதர் காரு.

"பூஜ்யம் இல்ல."

சக்ரபாணி காரு சிரித்தார். "நம்ம பொண்ணுதான் சார். குறிப்பு எழுதறவ. ஏம்மா, பிரியாணியை ஏற்பாடு பண்ணச் சொன்னேனே?"

"பூஜ்யம் இல்லாம எப்படி லஹரி பூ வரும்?" என்றான் சாத்விக். அவன் கேள்வியில் கள்ளம் இல்லை.

"அந்த மூணு வாரமும் செல் காலி சார். யாரும் எண்ணல. எண்ணாததை நம்ம சார்ட் பூஜ்யம்னு காட்டுது."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தாமோதர் காரு பேனாவை இறக்கவில்லை. ஆனால் முகம் சிவந்தது.

"எண்ணறதுக்குன்னே அங்க ஒரு அம்மாவுக்குச் சம்பளம் குடுக்கறோம். ஸ்வரூபான்னு பேரு. மூணு வாரம் ஏன் எண்ணல? படுத்துத் தூங்கினாளா?"

"வேண்டாம் லஹரி, உக்காரு" என்றாள் ஹாரிகா, பல்லைக் கடித்துக்கொண்டு.

லஹரி உட்காரவில்லை.

"படுத்துத்தான் இருந்தாங்க சார். ஜுரத்துல. மண்டலம் முழுக்க எண்ணற ஆள் அவங்க ஒருத்தர்தான், அவங்களும் படுத்துட்டாங்க. நீங்க எல்லாரும் இப்ப கைதட்டினது எங்க அக்காவோட ஜுரத்துக்கு."