ஃப்ளஷ் டேங்கில் ரோஸ் மில்க்

குழாய் ஒழுகினால் சொட்டு சொட்டென்று கேட்கும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுச் சொல்வார். ஆனால் பாத்ரூமில் இருக்கும் ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் ஒருவருக்கும் தெரியாது. தண்ணீர் கம்மோடின் பின்பக்கத்தை ஒட்டி, கண்ணுக்கே படாமல் இறங்கிக்கொண்டிருக்கும். சத்தம் போடுவதெல்லாம் அந்த வீட்டு மனிதர்கள்தான். எங்கள் வீட்டில் என் மாமனார் போட்டார்.

மாமனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதாவது, அடுத்தவர் செய்து கொண்டுவரும் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து 'ரிஜக்ட்' சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு அதே வேலையைச் சம்பளமில்லாமல் வீட்டில் தொடர்ந்தார். தோசையின் ஓரம், திரைச்சீலையின் மடிப்பு, கோலப்புள்ளியின் இடைவெளி, எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை நான் இட்ட சப்பாத்தியின் தடிமனைத் தன் பழைய வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். (விளையாட்டுக்குத்தான் அளந்தார் என்று என் கணவர் முரளி சமாதானம் சொன்னார். விளையாட்டுக்கு அளக்கிறவர் எதற்கு ரெண்டு இடத்தில் அளக்க வேண்டும்?) கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் காபிக்கு அவரிடம் கிடைத்த அதிகபட்ச மதிப்பெண் 'பரவாயில்லை'. நான் ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சர். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தாராளமாக மதிப்பெண் போடுகிற எனக்கு, வீட்டில் ஒரு 'நல்லா இருக்கு' கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டியிருந்தது.

அந்த மே மாதம் சேலையூரில் எங்கள் தெரு முழுக்க போர் தண்ணீர் கீழே போய்விட்டது. வந்த கொஞ்சமும் ஒரே உப்பு. லாரித் தண்ணீர் வாங்கித் தரைத்தொட்டியை நிரப்பினால், அது எங்கே போகிறது என்றே தெரியாமல் காலியானது. லாரிக்காரர் அடுத்த முறை வந்தபோது குழாயை மாட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னாக்கா, இப்பதான ஊத்திட்டுப் போனேன். அதுக்குள்ள காலியா? வூட்ல எதுனா நீச்சல்குளம் கட்டிகினு கீறீங்களா?"

மாமனார் தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அன்று சாப்பாட்டு மேஜையில் வாஷிங் மெஷின் மேல் குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்டது. பிறகு எங்கள் அறையோடு சேர்ந்த பாத்ரூமின் மேல். இந்த வீட்டில் தண்ணீரின் அருமை தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று முடித்தார். அதற்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. தன் பாத்ரூமில் அவர் ஃப்ளஷ் பட்டனை அமுக்கியதே கிடையாது. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, அளவாக ஊற்றிவிட்டு வருவார். பட்டனை அமுக்குவது பணக்காரத் திமிர் என்பது அவர் கட்சி.

பள்ளி விடுமுறை, கையில் போன் இருந்தது. வீடியோ பார்த்தேன். ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று சொன்னார்கள். டேங்கின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் தண்ணீரில் ஏதாவது கலர் கலக்க வேண்டும். அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக்கூடாது. கலர் தானாகக் கம்மோடில் இறங்கியிருந்தால் டேங்க் ஒழுகுகிறது என்று அர்த்தம். வீட்டில் கலர்ப்பொடி இல்லை. ஃப்ரிட்ஜில் ரோஸ் மில்க் எசன்ஸ் பாட்டில் இருந்தது. நல்ல சிவப்பு. எங்கள் டேங்கில் கொஞ்சம், மாமனார் டேங்கில் கொஞ்சம் ஊற்றினேன். அவர் காலைக்கடன் எல்லாம் முடித்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சோதனையைச் சோதிக்க நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார்.

முந்தின நாள் அவர் ஒரு கை பார்த்த பலாப்பழத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. கேஸ் சிலிண்டர்காரர் வந்து, நான் வாசலுக்குப் போன நேரத்தில் மாமனார் இன்னொரு முறை பாத்ரூம் போய்விட்டு வந்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

நான் உள்ளே வந்தபோது அவர் சாப்பாட்டு மேஜையில் சும்மா உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடித்து வைத்திருந்தது. வழக்கமான இரண்டாவது காபியைக் கொண்டுபோய் வைத்தேன். ஒரு வாய் குடித்தார். டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காபி நல்லா இருக்கும்மா."

டிவி ஓடுகிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஓடவில்லை. சமையலறைக்குள் போய், ஓ.எம்.ஆரில் ஆபீஸில் இருந்த முரளிக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அப்பாவுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். என் காபியை ஒருவர் பாராட்டினால் அது வியாதியா?

எங்கள் கம்மோடைப் போய்ப் பார்த்தேன். தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. நான் நிரபராதி. மாமனாருடையதையும் பார்த்திருக்க வேண்டும். ஆனால் காபி நல்லா இருக்கு என்று சொன்ன மனிதரின் டேங்கைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

மதியம் நிலைமை இன்னும் முன்னேறியது. சாம்பாரை இரண்டு முறை கேட்டு வாங்கினார். வெயில் காலத்தில் துணி சேரத்தான் செய்யும், மெஷினைத் தாராளமாகப் போடு என்றார். சாப்பிட்டு முடித்ததும் தன் அலமாரியைத் திறந்து, வெல்வெட் துணி ஒட்டிய பெட்டியோடு அந்த வெர்னியரை எடுத்துவந்து என் கையில் வைத்தார்.

"முரளிக்கு இதுல பாக்கத் தெரியாது. நீ வச்சுக்க. உனக்குத்தான் பொறுமை இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடவாக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு போன் போட்டு, கடைசியில் மனுஷர் என்னைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று பெருமையடித்தேன். இனி இந்த வீட்டில் எனக்கு நல்ல காலம்தான் என்றுகூடச் சொன்ன ஞாபகம்.

சாயங்காலம் முரளி வந்ததும் மாமனார் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார். இறங்கி வந்த முரளியின் முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், அப்பாவுக்குப் பாத்ரூம் போகும்போது ரத்தம் போயிருக்கிறதாம். நிறையவாம். காலையிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

காபி, சாம்பார், வெர்னியர் எல்லாவற்றுக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. மனிதர் கணக்கை முடித்துக்கொண்டிருக்கிறார். கேம்ப் ரோட்டில் இருக்கும் கிளினிக்குக்கு ஆட்டோவில் போகும்போது, ரிஜக்ட் சொல்ல ஆளில்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அழுதேன். அவர் என் தலையைத் தட்டி, எல்லாருக்கும் வருவதுதான் என்றார்.

டாக்டர் அம்மா மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். வலி உண்டா, இதற்கு முன் இப்படி இருந்ததா என்று கேட்டார். எதுவும் இல்லை. பலாப்பழத்தை மட்டும் ஒப்புக்கொண்டார். நிறம் எப்படி இருந்தது என்று கேட்டதும் மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு தர ஆய்வாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

"நல்ல சிவப்பு டாக்டர். ஆனா கொஞ்சம் ரோஸ் அடிச்சுது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு இருக்கு. முரளிகிட்டகூடச் சொல்லல. ரோஜா மாலை வாசனை வந்துது. சரி, நமக்கு மாலை ரெடியாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

முரளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்தது.

அந்த நேரத்தில் என் மனசு ஓடிய ஓட்டத்தை மறைக்க விரும்பவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. டெஸ்ட் எடுப்பார்கள், ஒன்றும் இல்லை என்று வரும், மாமனார் பிழைத்துக்கொள்வார், என் காபியும் பிழைத்துக்கொள்ளும். அப்போது அவர் கையைப் பார்த்தேன். விரல்கள் மேஜை ஓரத்தை விடாமல் பிடித்திருந்தன.

"டாக்டர், அது ரத்தம் இல்ல," என்றேன். "ரோஸ் மில்க்."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த நோயாளி நான்தான் என்று தெரிந்தது. டேங்க், எசன்ஸ், அரைமணி நேரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். முரளி உத்தரத்தைப் பார்த்தார். மாமனாரின் விரல்கள் மேஜையை விட்டன. ஒரு நீளமான மூச்சு வெளியே வந்தது. அப்புறம்தான் ஆய்வாளர் விழித்துக்கொண்டார்.

"எந்த டேங்க்ல ஊத்தின?"

"ரெண்டுலயும் மாமா."

"உங்களோடதுல கலர் இறங்குச்சா?"

"இல்ல மாமா."

"அப்ப ஒழுகுறது என்னுது," என்றார்.

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சீட்டில் ஏதோ ரொம்ப நேரம் எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது. (எதற்கும் இருக்கட்டும், வயசுக்கு ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார். செய்தோம். ஒரு குறையும் இல்லை.)

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் தெரு திரும்புகையில் மாமனார் கேட்டார், பாட்டிலில் மிச்சம் இருக்கிறதா என்று. ஒருமுறை வந்த ரிசல்ட்டை நம்பக் கூடாதாம். வீட்டுக்கு வந்ததும் அவரே மறுபடி ஊற்றி, கம்மோடுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு இறங்கியது. தண்ணீரின் அருமை தெரிந்தவரின் டேங்கிலிருந்து இராப்பகலாக லாரித் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அதைக் கழற்றினோம். இதைப் படிப்பவர்களில் யார் வீட்டிலாவது தொட்டி மாயமாகக் காலியாகிறது என்றால், பெரும்பாலும் காரணம் இரண்டே. ஒன்று, மிதவை அதிக உயரத்தில் இருக்கும். தண்ணீர் டேங்கின் நடுவில் இருக்கும் வழிவுக்குழாயின் வாய்வரை ஏறி, அதற்குள்ளேயே வழிந்து போய்விடும். மிதவையை இறக்கி, தண்ணீர் அந்த வாய்க்கு ஒரு விரற்கடை கீழே நிற்கும்படி வைத்தால் போதும். இரண்டாவது, அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். எங்கள் வில்லன் அதுதான். உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் நின்று, அதைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. பட்டனை யாருமே அமுக்காததால் அந்த உப்பை அசைக்க ஆளில்லை. சுவரில் இருக்கும் சின்ன வால்வை மூடிவிட்டு, உள்பாகத்தைத் திருகி வெளியே எடுத்தேன். வினிகரில் போட்டதும் உப்பு நுரைத்துக்கொண்டு கரைந்தது. (நான் படித்த வேதியியல் வீட்டுக்கு உதவிய ஒரே நாள்.) வாஷர் உட்காரும் இடத்தைப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். வாஷர் மட்டும் அப்பளம் மாதிரி விறைத்துப் போயிருந்தது. புதுசு வாங்க வேண்டும்.

"அந்த வெர்னியரைக் கொஞ்சம் குடேன்," என்றார் மாமனார். அளந்து எழுதிக்கொண்டு, ஹார்டுவேர் கடைக்கு அவரே போய் வாங்கிவந்தார். மாட்டினோம். மீண்டும் எசன்ஸ். மீண்டும் நாற்காலி. கம்மோடில் கலர் இறங்கவில்லை.

"பாஸ்," என்றார். டேங்கைப் பார்த்துத்தான்.

அதன் பிறகு தொட்டி மாயமாகக் காலியாவது நின்றது. அவரும் தினம் ஒருமுறை பட்டனை அமுக்குகிறார், ரப்பர் விறைக்கக் கூடாதாம். என் காபி அன்றைக்கே 'பரவாயில்லை'க்கு இறங்கிவிட்டது. வெர்னியரை மட்டும் அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் இப்போது யாரும் யாரையும் நிம்மதியாகப் பாராட்ட முடியாது. புடவை நன்றாக இருக்கிறது என்று முரளி சொன்னால், பாத்ரூம் போய்ட்டு வந்தீங்களா என்று நான் கேட்பேன். கல்யாண வீட்டில் ரோஸ் மில்க் கொடுத்தால், வேண்டாம், எனக்கு ஒரு தடவை போயிடுச்சு என்பார் மாமனார். விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், தெரியாதவர்களுக்கு முரளி முதலிலிருந்து சொல்வார்.

போன வாரம் ஒரு காலை. மாமனார் பாத்ரூமிலிருந்து வந்து மேஜையில் உட்கார்ந்தார். காபியை வைத்தேன். முழுதாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணி தெளிவாத்தான் இருக்கு. ரெண்டு தடவை பாத்துட்டேன்," என்றார். "காபி நல்லா இருக்கும்மா."