லதீபாவின் வாசிப்புக் குறிப்புகள்

“மஸாஹிர் நானா, லதீபா அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி ஊத்திக் குடுத்தால் உங்கட கை தேஞ்சு போகுமோ?”

கதவுப் பிணைச்சல் வாங்க வந்த நூலகர் சிவலட்சுமி இப்படிக் கேட்டபோது, மஸாஹிர் யானை வேலிக்கு முட்கம்பி நிறுத்துக்கொண்டிருந்தார். கம்பிச் சுருள் தராசிலிருந்து சரிந்து அவருடைய காலடியில் விழுந்தது.

“என்ன தங்கச்சி சொல்லுறியள்?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை. வாசகர் எழுதின குறிப்பு வாசகருக்கும் எனக்கும் இடையில. வெளியில போகாது. பிணைச்சல் ரெண்டு தாங்கோ.”

சிவலட்சுமி பிணைச்சலோடு போய்விட்டார். மஸாஹிர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். குறிப்பு என்றதுமே அவருக்கு விளங்கிவிட்டது. அதை எழுதியது அவருடைய மனைவி லதீபா அல்ல. அவரேதான்.

ஒட்டுசுட்டானில் இரும்புக்கடை வைத்திருக்கும் மஸாஹிர் நாவல்களுக்கு எதிரி என்பது ஊருக்கே தெரியும். இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து குடியேறிய புதிதில் லதீபா நூலகத்தில் சேர்ந்து கிழமைக்கு இரண்டு நாவல் வாசித்தாள். ஒருநாள் அடுப்பில் சோறு கருகியது. “கதைப்புத்தகம் குடும்பத்தைக் கெடுக்கும்” என்று சொல்லி, மஸாஹிர் புத்தகங்களைத் தானே கொண்டுபோய் நூலகத்தில் ஒப்படைத்தார். லதீபா நூலக அட்டையை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். பத்து வருடம் போயிற்று. வர்த்தகர் சங்கத் தலைவரான பிறகு மஸாஹிர் அதே வசனத்தைக் கூட்டங்களிலும் கலியாண வீடுகளிலும் சொல்லிவந்தார்.

ஒரு மனிதனைத் திருத்த இறைவனுக்கு ஆணிப் பொட்டலமும் போதும்.

இரண்டு கிழமைக்கு முன்னர், ஆணி சுற்ற வாங்கிய பழைய பேப்பர்க் கட்டுக்குள் அட்டை கிழிந்த ஒரு காதல் நாவல் வந்தது. மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கும் பஸ் நடத்துநர் ஒருவனுக்கும் காதல். தாளைக் கிழித்து ஆணி சுற்றும்போது மஸாஹிரின் கண்ணில் இரண்டு வரி பட்டது. பிறகு நாலு வரி. பிறகு, கடைக்கு வந்தவர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் அடியில் நடத்துநர் தன் மனத்தைச் சொல்ல வாயெடுத்தான். அடுத்த தாள் இல்லை. அது காலையிலேயே இரண்டங்குல ஆணியோடு அமராவதியின் வீட்டுக்குப் போயிருந்தது.

மஸாஹிர் மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

“அமராவதி, அந்த ஆணி சரிவந்ததோ எண்டு கேட்டுப்போக வந்தனான்.”

“நல்ல ஆணி அண்ணை. அடிச்சு முடிஞ்சுது.”

“சுத்தித் தந்த பேப்பர்?”

“அடுப்பு மூட்டினனான். ஏன் அண்ணை, அதுவும் திருப்பித் தரவேணுமோ?”

அன்று மத்தியானம் மஸாஹிருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் சேலைகளுக்கு அடியிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார்.

“வீட்டில அவாவுக்குத்தான் வேணுமாம், தங்கச்சி. பஸ் நடத்துநர் ஒருத்தன் வாற கதையாம்.”

அதே நாவல் நூலகத்தில் இருந்தது. ஆனால் வாசிப்பு மாதம் நெருங்கியதால் சிவலட்சுமி புதிய விதி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்தோடும் அரைத்தாள் ஒன்று தருவார். வாசித்ததும் மனத்தில் பட்டதை எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதாதவர்களுக்கு அடுத்த புத்தகம் இல்லை.

மஸாஹிர் சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து நாவலை முடித்தார். பிறகு எழுதினார்: ‘களைத்து வரும் அவளுக்கு அவன் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் இடத்தில் என் கண்கள் கலங்கின. இப்படிக்கு, லதீபா.’ கண்கள் கலங்கியது உண்மை. பெயர்தான் பொய்.

அந்தத் தாளை நூலகரின் முகத்துக்கு நேரே நீட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. புத்தகத்தையும் தாளையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஓட்டோக்காரர் சிவராசாவிடம் கொடுத்தார். நாள்தோறும் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கரியரைக் கடைக்குக் கொண்டுவருவது சிவராசாதான். வெறுங் கரியரை வீட்டில் கொடுத்துவிட்டு அவர் நூலகம் இருக்கும் வீதியால்தான் திரும்புவார்.

‘தேநீருக்குக் கண் கலங்கினது எண்டு எழுதினால், வீட்டில தேத்தண்ணியே கிடைக்காத மனுசி எண்டு நினைச்சிட்டாவே!’ என்று மஸாஹிர் இப்போது நொந்துகொண்டார். இந்தப் பேச்சு சங்கத்துக்குப் போனால் மானம் போகும். லதீபாவின் காதுக்குப் போனால் அதைவிடப் பெரிய வெட்கம். அவள் வாசிக்கக்கூடாதென்று தடுத்தவர், அவளுடைய அட்டையிலேயே வாசிக்கிறார்!

ஒரே வழிதான் இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டால் நூலகரின் வாய் அடைபட்டுவிடும்.

அன்று பின்னேரம் மஸாஹிர் குசினிக்குள் போனார். சீனிப் போத்தலைத் தேடி ஏழு போத்தல்களைத் திறந்தார். லதீபா வாசலில் நின்று பார்த்தாள்.

“என்ன தேடுறியள்?”

“நீ போய் இரு. இண்டைக்கு நான் இஞ்சித் தேத்தண்ணி போடுறன்.”

லதீபா போய் இருந்தாள். தேத்தண்ணி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் உற்றுப் பார்த்தாள்.

“நீங்கள் இடிச்சுப் போட்டது இஞ்சியில்லை. பச்சை மஞ்சள்.”

“கொட்டட்டோ?”

“வேண்டாம்.” கடைசிச் சொட்டுவரை குடித்தாள். “நாளைக்கும் உண்டோ?”

நாளைக்கும் இருந்தது. மறுநாளும் இருந்தது. நாலாம் நாளில்தான் அது இஞ்சித் தேத்தண்ணியாயிற்று.

அடுத்த முறை மஸாஹிர் கவனமாக இருந்தார். காதலே இல்லாத ஒரு துப்பறியும் நாவலை எடுத்தார். கடற்கரையில் ஒரு பிணம். எல்லாரும் கணவனைச் சந்தேகிக்கிறார்கள். குறிப்பில் எழுதினார்: ‘கடைசியில் கணவன் குற்றமற்றவன் என்று தெரிந்ததும் மகிழ்ந்தேன். என்னுடைய கணவரும் தங்கமானவர். எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்படிக்கு, லதீபா.’ உறையை ஒட்டி சிவராசாவிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

மூன்றாம் நாள் சிவலட்சுமி ஆமைப்பூட்டு வாங்க வந்தார்.

“நானா, முல்லைத்தீவுக் கடல் அரை மணித்தியால ஓட்டம். அக்காவைக் கடைசியா எப்ப கூட்டிக்கொண்டு போனனீங்கள்?”

மஸாஹிரின் கையில் இருந்த பூட்டு சத்தத்தோடு பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே எங்கோ இருந்தது.

“கடலோ? கதையில கடற்கரையில கிடந்தது பிணமெல்லே, தங்கச்சி!”

“கதை உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“வீட்டில... அவா சொன்னவா.”

“அப்ப அக்கா மனசில இருக்கிறதைச் சொல்லுறவாதான். நீங்கள்தான் கேக்கிறேல்லை” என்றார் சிவலட்சுமி.

பிணத்தைப் பற்றி வாசித்துவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லும் பெண்ணை மஸாஹிர் அதுவரை கண்டதில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வீட்டுக்கு வந்து, “வெளிக்கிடு, கடலுக்குப் போவம்” என்றார். லதீபா ஏன் எதற்கென்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வெளிக்கிட்டு வந்து மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினாள்.

கடற்கரையில் வறுத்த கடலை வாங்கினார்கள். லதீபா செருப்பைக் கழற்றி அவரிடம் தந்துவிட்டு அலைக்குள் கால் வைத்தாள். பத்து வயதுப் பிள்ளையைப் போலச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மஸாஹிர் மறந்தே போயிருந்தார். ஒரு கையில் கடலைச் சுருளும் மறு கையில் மனைவியின் செருப்புமாக அவர் நின்றபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது.

“என்ன தலைவர், சில்லறை வியாபாரம் செருப்புக்கும் வந்துட்டுதோ?”

வர்த்தகர் சங்கச் செயலாளர் நாஸிம். குடும்பத்தோடு வந்திருந்தார். மஸாஹிர் செருப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். நாஸிமின் மனைவி தன் செருப்பைக் கழற்றி நாஸிமிடம் நீட்டினார். “அவரைப் பார்த்துப் பழகுங்கோ.”

மூன்றாம் முறை மஸாஹிர் அரசர்களும் யானைகளும் வரும் தடித்த சரித்திர நாவல் ஒன்றை எடுத்தார். குறிப்பில் இரண்டே இரண்டு சொற்கள் எழுதினார்: ‘நல்ல நூல்.’ இதில் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. உறைக்கு இரட்டிப்புப் பசை பூசினார்.

சிவலட்சுமி இந்த முறை ஒன்றும் வாங்க வரவில்லை. கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, ஏறியபடியே நின்றார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன.

“நானா, நான் கேக்கக்கூடாது. ஆனாலும் கேக்கிறன். அக்காவின்ர கையில இருந்த புத்தகத்தைப் பறிச்சுக்கொண்டு போனதுக்கு ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டனீங்களோ?”

சைக்கிள் போய்விட்டது. மஸாஹிர் கல்லாய் நின்றார். இரண்டு சொல்லிலிருந்து இந்தப் பெண் இதையெல்லாம் எப்படி வாசித்தாள்? பழைய பதிவேட்டைப் பார்த்திருப்பாளோ? எப்படியோ, கேட்டது உண்மை. உண்மைக்கு முன்னால் ஆமைப்பூட்டு எதுவும் நிற்காது. பள்ளிவாசலுக்குப் போய் லுஹர் தொழுதார். தொழுது முடித்தும் நெஞ்சு இலேசாகவில்லை. படைத்தவன் மன்னிப்பான், ஆனால் லதீபாவின் மன்னிப்பை லதீபாவிடம்தான் கேட்கவேண்டும். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

“லதீபா, உன்னட்ட ஒண்டு சொல்லவேணும்.”

“திருப்பியும் மஞ்சளோ?”

“இல்லை. நான் நாவல் வாசிக்கிறன். உன்ர அட்டையில எடுத்து, உன்ர பேரில குறிப்பும் எழுதிறன். அண்டைக்கு உன்ர புத்தகங்களைப் பறிச்சது பிழை. ஒரு சட்டி சோத்துக்காகச் செய்த பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்.”

லதீபா முக்காட்டு நுனியால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“அழுறியோ, சிரிக்கிறியோ?”

“ரெண்டும்தான்” என்றாள் முக்காட்டுக்குள்ளிருந்து. பிறகு முகத்தைத் துடைத்தாள். “சோறு திருப்பிக் காச்சினம், சாப்பிட்டம். நீங்கள் பறிச்ச கதையில கப்பலில போனவன் திரும்பி வந்தானோ இல்லையோ எண்டு எனக்கு இன்னும் தெரியாது.”

மஸாஹிர் அப்போதே நூலகத்துக்குப் போனார். கப்பலில் போனவனைப் பழைய தட்டில் தேடிக் கண்டுபிடித்தார். அன்று லதீபா கதிரையில் இருந்து வாசித்தாள். மஸாஹிர் சோறு காய்ச்சினார். சோறு கருகியது. இருவரும் சிரித்துக்கொண்டே கருகல் படாத பக்கத்தைச் சாப்பிட்டார்கள். கப்பலில் போனவன் திரும்பி வந்திருந்தான்.

வாசிப்பு மாத முடிவில் நூலகத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. சிறந்த குறிப்புகளுக்கான பரிசு ‘லதீபா மஸாஹிர்’ என்ற பெயருக்கு என்று அறிவித்தார்கள். லதீபா எழும்பவில்லை. கணவரைப் பார்த்தாள். மஸாஹிர் எழும்பினார்.

“கதைப்புத்தகம் குடும்பத்தைக் கெடுக்கும் எண்டு சொல்லித்திரிஞ்சவன் நான்தான். ஒரு புத்தகமும் வாசியாமல் சொன்னனான். இந்தக் குறிப்புகளை எழுதினதும் நான்தான். எங்கட குடும்பம் இப்ப நல்லாயிருக்கு.”

கை தட்டினார்கள். நாஸிம் மெல்ல அருகில் வந்து, “தலைவர், அந்த பஸ் நடத்துநர் கதை இப்ப ஆரிட்ட இருக்கு?” என்று காதுக்குள் கேட்டார்.

மஸாஹிர் பரிசை லதீபாவின் கையில் கொடுத்துவிட்டு நூலகரிடம் போனார். “தங்கச்சி, எழுதினது நான் எண்டு கேட்டும் நீங்கள் திகைக்கேல்லையே?”

“முட்கம்பிக்கு பில் எழுதிற எழுத்தை எனக்குத் தெரியாதோ நானா? முதல் நாளே தெரியும்.”

“பிறகேன் தேத்தண்ணி, கடல், மன்னிப்பு எண்டு என்னைப் போட்டு ஆட்டினனீங்கள்?”

“வாசகர் எழுதினது வெளியில போகாது எண்டு சொன்னனான்தானே?”

“அந்த வாசகர் நான்தானே!”

சிவலட்சுமி கூட்டத்துக்கு வந்தவர்கள் தின்ன வைத்திருந்த பணிஸ் தட்டை அவருக்கு முன்னால் நீட்டினார்.

இப்போது வீட்டில் இரண்டு அட்டைகள். அடுத்த செவ்வாய்க்கிழமை மஸாஹிர் தன் சொந்தப் பெயரில் குறிப்பு எழுதினார். புத்தகத்தையும் தாளையும் வழக்கம்போல உறையில் போட்டு, நன்றாக அழுத்தி ஒட்டி, வெறுங் கரியரோடு சிவராசாவிடம் நீட்டினார்.

சிவராசா உறையை வாங்கிப் பசை பூசிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“முதலாளி, இனியாவது உறையை ஒட்டாமல் தாங்கோவன், ஒவ்வொரு முறையும் பசையைப் பிரிச்சு, உங்கட எழுத்துக்குக் கீழ தன்ர நாலு வரியை எழுதி, திருப்பி ஒட்டித் தாறதுக்குள்ள லதீபா அக்காவுக்குக் கை நோகுதாம்.”